வெந்நீர்க் குளத்துப் பிளாஸ்டர்

இல்ல அத்தான், வீடியோ கால் இப்ப வேண்டாம். மொதல்ல அந்த போனக் கவுத்தி வையுங்க. ஜெபல் அலியிலேருந்து பஸ்ஸு மாறி, ஞாயித்துக்கிழமை லீவையும் கெடுத்துட்டு வந்திருக்கிய, டீயக் குடிங்க. வந்த விசயம் எனக்குத் தெரியும். என் வாட்ஸாப் போட்டோவுல, கையில குத்தியிருந்த உங்க தம்பி பேரக் காணோம். அதானே? ஊருல அத்தை மூணு நாளாச் சோறு திங்கலியாம். நான் கையக் காட்டணும், செல்வசிங்குங்கிற அஞ்சு எழுத்தும் பத்திரமா இருக்கான்னு உங்க தம்பி பாக்கணும்.

காட்டுதேன். எங்க ஓடியா போவப்போறேன்? மொதல்ல அந்தப் போட்டோ எங்க எடுத்ததுன்னு கேளுங்க.

எவன்கூடயும் போவல. வாய அளந்து பேசுங்க. எங்க பெரிய மேடம்கூடத்தான் போனேன். எண்பத்திரெண்டு வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. அவியள எழுப்பி, உக்கார வச்சு, குளிப்பாட்டி விடுததுதானே எனக்கு இங்க அரபு நாட்டுல நர்ஸு வேலை. ஜப்பான்ல கடலோரமா ஒரு விடுதி இருக்கு, பூமிக்குள்ளேருந்து சுடச்சுட தண்ணி ஊறுது, முட்டிக்கு நல்லதுன்னு மேடத்துக்க மக நஜீஹா எங்கயோ படிச்சிருக்காவ. போன அக்டோபர்ல எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாவ.

கோரைப்பாய் விரிச்ச ரூமு. செருப்ப வாசல்லயே விட்டுறணும். விடிஞ்சதும் சோறும் சுட்ட மீனும். மணப்பாட்டுக்காரிக்கு வேற என்ன வேணும்? போட்டோவுல நான் போட்டிருக்க நீல அங்கி அங்க தங்குத எல்லாருக்கும் குடுக்கது. மொத நாளு நான் வலது பக்கத்த மேல போட்டுக் கட்டிட்டு வெளிய வந்தேன். ரூம் பாக்குத அம்மா பதறிட்டு ஓடி வந்து, அவுத்து மாத்திக் கட்டிவிட்டாவ. அப்படிக் கட்டுனா அது செத்தவங்களுக்காம். சிரிக்காதிய. அன்னைக்கு மத்தியானமே, அந்த அம்மா மாத்தாம விட்டிருக்கலாம்னு எனக்குத் தோணிச்சு. அத அப்புறம் சொல்லுதேன்.

மேடத்துக்குத் தனிக் குளியலறை. அவிய தூங்குன நேரத்துல, நீயும் போய்க் குளிச்சிட்டு வான்னு நஜீஹா அனுப்பி வச்சாவ. பொம்பளையளுக்குன்னு தனியா ஒரு குளம், கடலப் பாத்தாப்ல. ஆனா பச்சை குத்துன ஆளுவள உள்ள விடமாட்டாவளாம். அங்க அது ரவுடிப் பயலுவளுக்க அடையாளமாம். பாத்துக்கிடுங்க, உங்க தம்பி பேரு எனக்கு ரவுடிப் பட்டம் வாங்கித் தந்திருக்கு. சின்னதுன்னா மறைச்சுக்கிடலாம்னு வாசல்ல நின்ன பிள்ளை தோல் நெறத்துல ஒரு பிளாஸ்டர் தந்துது. ஒட்டிக்கிட்டேன். குளிச்சிட்டு வந்து எடுத்த போட்டோவுல பேரு தெரியாததுக்கு அதான் காரணம். அந்த ஊருச் சட்டம் அத்தான், நான் என்ன செய்ய?

இருங்க, போன எடுக்காதிய. இன்னும் முடியல.

அந்தப் பேரு எப்படி என் கையில வந்துதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா? கல்யாணம் முடிஞ்ச மாசம், கோயில் திருவிழாக் கடையில. உன் பேரு எனக்கு, என் பேரு உனக்கு, ரெண்டு பேரும் குத்துவோம்னு கூட்டிட்டுப் போனாவ. மொதல்ல எனக்கு. மேல ஒரு சிலுவை, கீழ பேரு. எனக்கு முடிஞ்சதும், ஊசியப் பாத்து உங்க தம்பிக்குத் தலை சுத்திட்டு. அற்புதராணின்னா எழுத்து கூடுதல்லா, பொறவு பாப்போம்னாவ. பதினோரு வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

அந்தக் குளத்துல ஒரு பொட்டுத் துணியில்லாமத்தான் எறங்கணும். தெனம் இன்னொருத்தியக் குளிப்பாட்டுதவ நான், எனக்குக் கூச்சத்துல உயிரே போச்சு. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. கழுத்து வரைக்கும் வெந்நி, முன்னால கடலு. அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் நர்ஸு இல்ல, எவனுக்கும் பெண்டாட்டியும் இல்ல. அவ்வளவு நிம்மதியா இருந்துது. நல்லா அழுதேன், பொறவு நல்லா இருந்துது. இதச் சொல்லுததுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

அப்ப இந்த வெயில்ல ஏன் முழுக்கை போட்டிருக்கேன்னா? நல்லாக் கேட்டிய. இந்தா, பாருங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டே பாருங்க. இது பிளாஸ்டர் இல்ல, என் தோலு. லேசருக்கு நாலு தடவ போனேன். சிலுவைய மட்டும் விட்டுருங்கன்னு சொல்லிட்டேன். ஆண்டவருக்கும் எனக்கும் ஒரு சண்டையும் கெடையாது.

கத்தாதிய, டீக்கடையில நாலு பேரு இருக்காவ. ஆமா, தெரிஞ்சுதான் அந்தப் போட்டோவ வச்சேன். ஏழு மாசம் பொறுத்து, பேரு முழுசாப் போனதுக்குப் பொறவு, போன வாரம் வச்சேன். யாரு மொதல்ல ஓடி வாரான்னு பாக்கணும்னு இருந்துது. நீங்க வந்திய.

ஏன் அழிச்சன்னு நீங்க இன்னும் கேக்கல, கவனிச்சியளா? நானே சொல்லுதேன். அன்னைக்கு மத்தியானம் குளத்துக்குப் போறதுக்குச் சித்த முன்னால ஜோஸ்மி ஒரு போட்டோ அனுப்புனா. என்கூட வேலை பாத்த பிள்ளை, நாகர்கோயில் பக்கம். அவ அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். அவளுக்கு உங்களையும் தெரியாது, உங்க தம்பியையும் தெரியாது. ஆசையா அனுப்பியிருக்கா. அதுல அவ அக்காவுக்கு அடுத்தாப்ல, அன்னைக்கே ஞானஸ்நானத்துக்கு வந்த இன்னொரு குடும்பம். பிள்ளையத் தூக்கிட்டு ஒருத்தி, அவ தோள்ல கையப் போட்டுட்டு செல்வசிங் நிக்கான். ஆமா, நிக்கான்னுதான் சொன்னேன். பக்கத்துல மெழுகுதிரியப் பிடிச்சிட்டு நீங்க நிக்கிய. அத்தைக்கு நெஞ்சுவலின்னு அவசர லீவுல போனியள்லா, அந்த வாரம். அத்தைக்காக நான் மூணு நாளு உபவாசம் இருந்தேன்.

இப்பக் கூப்பிடுங்க உங்க தம்பிய, கையக் காட்டுதேன். என்ன, போன உள்ள வைக்கிய?

சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க அத்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிய? ஞானத்தகப்பனா மெழுகுதிரி பிடிச்சது நீங்கதானே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.