மலையிறங்கிய கார்த்திகை

பொள்ளாச்சியிலிருந்து கோவை வரும் பஸ்ஸில், டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போட நிறுத்திய இடைவெளியில்தான் அது காதில் விழுந்தது.

"நான் காட்டுன கார்த்திகை நட்சத்திரம் மலையிலிருந்து எறங்கி வந்துருச்சுங்க."

சொன்னவர் என் முன் சீட்டில் இருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. பக்கத்திலிருந்த நண்பர் கேட்டார்:

"எங்கீங்க?"

"பொண்ணு பாக்கப் போன ஊட்டுலதானுங்க. கண்ணாடியைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போனேன். யாரோ சொல்லீருப்பாங்களாட்ட. பொழுது சாஞ்சதும் பொண்ணோட அப்பா வாசலுக்குக் கூட்டிட்டு வந்து, 'கார்த்திகைல எத்தன நட்சத்திரம் தெரியுதுங்க மாப்ள?'ன்னாரு. கண்ணைச் சோதிக்கறாரு."

"என்ன சொன்னீங்க?"

"மங்கலா ஒரு கொத்து தெரிஞ்சுது. அதைக் கைகாட்டி, ஆறுங்கன்னு சொல்லிப்போட்டேன். அது வால்பாறை ரோட்டுல எறங்குற பஸ்ஸு, லாரி லைட்டுங்க."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"நம்மூரு மனுசருங்களே! 'இன்னைக்குக் கொஞ்சம் கீழ எறங்கி நிக்கிதாட்ட இருக்குதுங்க மாப்ள'ன்னாரு."

"பொண்ணு சிரிச்சிருக்குமே?"

"சிரிக்கலீங்க. எட்டிப் பாத்துட்டு, 'ஆமாங்கப்பா, ஆறேதான்'னுது. என் மானத்தைக் காப்பாத்தத்தான் சொல்லுதுன்னு பூரிச்சுப்போயி, அங்கயே சம்மதம் சொல்லிப்போட்டேன்."

"கொடுத்து வெச்ச ஆளுங்க நீங்க."

"நிச்சயம் முடிஞ்சு முகூர்த்தச் சீலை எடுக்கப் போனோமுங்க. அம்மணி நெறம் பாக்கறதுக்குக் கைப்பையிலிருந்து கண்ணாடிய எடுத்து மாட்டுச்சு. என்னோடதவிடத் தடிமனுங்க."