கம்பத்துப் பாட்டில்

ஜன்னல் கண்ணாடி துடைக்க வினிகரை மிஞ்சிய பொருள் கிடையாது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தால் போதும். குவீன்ஸ்லாந்தின் வடகோடியில் கடலைப் பார்த்தபடி முப்பது வீடுகள், அதுதான் எங்கள் ஊர். உப்புக்காற்றும் பூஞ்சணமும் யாரையும் சும்மா விடாது. கெட்டிலில் படியும் சுண்ணாம்பு, குளியலறைச் சுவரின் கறுப்பு, எல்லாவற்றுக்கும் எனக்கு வினிகர்தான். கடையில் விற்கும் மருந்துத் தண்ணீர் எதையும் நான் வீட்டுக்குள் விட்டதில்லை.

போன ஜூனில் என் தங்கை ரோண்டா பிரிஸ்பேனிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டை அம்மா எங்கள் இருவர் பேருக்கும் எழுதிவைத்திருந்தாள். வராதே என்று நான் எப்படிச் சொல்வது? மறுநாளே ப்ளீச்சும் வாசனை ஸ்ப்ரேயும் வாங்கி என் அலமாரியில் அடுக்கினாள்.

"ஏங்க்கா, இது வீடா, ஊறுகா ஜாடியா? உள்ள நுழைஞ்சாலே மூக்கு அரிக்குது."

சர்ச்சுப் பெண்கள் தேநீருக்கு வந்தபோதும் இதையே சொன்னாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எல்லாருக்கும் இன்னொரு முறை தேநீர் ஊற்றினேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, நான் சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் என் வினிகர் முழுவதையும் சிங்க்கில் கவிழ்த்திருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தாங்க்கா செஞ்சேன். மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சுக்கறே?"

கடை மூடியிருந்தது. ஜன்னல்கள் பாதியில் நின்றன. எதையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

கடற்கரைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கவுன்சில் ஒரு கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறது. நவம்பர் முதல் மே வரை சொறிமீன் காலம். தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது; கொட்டினால் சில நிமிஷத்தில் ஆளையே கொல்லும். அதன் விழுது உடம்பில் பட்டால் உடனே வினிகர் ஊற்ற வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் மிச்ச முட்கள் கொட்டாமல் அடங்கிவிடும். வெறும் தண்ணீர் ஊற்றினால் அவையும் சேர்ந்து கொட்டும். இது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தப் பாட்டிலைக் காலி செய்து ஜன்னல்களை முடித்தேன். வெறும் பாட்டில் பார்க்க நன்றாக இருக்காது என்று குழாயில் தண்ணீர் பிடித்துத் திரும்ப வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பாட்டிலைச் சோதிக்க வந்த கவுன்சில் ஆள் நெவில் வண்டியை விட்டு இறங்கவில்லை. "பாட்டில் நெறஞ்சிருக்கும்மா, சரியாத்தான் இருக்கு," என்று எனக்குக் கையாட்டிவிட்டுப் போனான்.

ரோண்டா தினமும் காலையில் நீந்துவாள். சொறிமீன் கொட்டாமல் உடம்பை மூடும் முழு நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கு என்று நானே சொன்னேன்.

"அதப் போட்டா நான் கட்டி வெச்ச மூட்ட மாதிரி இருக்கேன். அதான் கம்பத்துல பாட்டில் இருக்குல்ல?"

"இருக்கு," என்றேன். பாட்டில் இருக்கத்தான் செய்தது.

ஜனவரி பதினாறு அன்று நானும் கூடப் போனேன். மழை விட்டு, கடல் அசையாமல் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் திடீரென்று அலறினாள். கரைக்கு வந்து விழுந்தபோது இரண்டு தொடையிலும் சவுக்கால் அடித்ததுபோல் தடங்கள். விழுதுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, பாட்டில்! சீக்கிரம்க்கா!"

கொண்டுவந்து ஊற்றினேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை, ஓர் இடம் விடாமல், நிதானமாக. அவள் உடம்பு முன்னைவிட அதிகமாகத் துடித்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா... நாத்தமே வரலியே."

"உனக்குத்தான் அது பிடிக்காதேம்மா," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மூச்சு நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை.

வீட்டில் வினிகர் இல்லாமல் கம்பத்துப் பாட்டிலை எடுத்த பழக்கம்தான் இப்படி முடிந்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், சார்ஜன்ட். அதை அடித்துவிடுங்கள். அவள் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நெவில் புதுப் பாட்டில் கொண்டுவந்து வைத்தான். விடிந்ததும் போய் அதை மணலில் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். அன்று எனக்கு வினிகர் தேவையே இல்லை. என் கட்டிலுக்கடியில் ஆறு பாட்டில் இருந்தது.

ஒரு லிட்டர் நல்ல வினிகர். அதை வீணாக்கியது மட்டும்தான் இன்னும் மனதை உறுத்துகிறது.