எந்தப் பெட்டி?

முதல் பொதுத்தேர்தலன்று, கல்யாணத்துக்குப் போகிறவனைப்போல் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு, அதன் கரையை நானே ரசித்தபடி பெண்கள் வரிசையில் வெகுநேரம் நின்ற முட்டாள் நான். அவர்கள் சிரித்து விரட்டிய பிறகுதான் ஆண்கள் வரிசைக்கு வந்தேன். இலுப்பூர்ப் பள்ளிக்கூட வாசல். உள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனி ஓட்டுப்பெட்டி.

எனக்கு முன்னால் ஒரு பண்ணையார். அவருக்கு முன்னால், அவருடைய வயலில் ஏர் ஓட்டும் கருப்பன். தீட்டு ஒட்டாதிருக்க, நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டே பண்ணையார் நின்றார்.

"எடம் விடாம நெருங்கி நில்லுங்க!" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

பண்ணையார் நெருங்கினார்.

"டேய் கருப்பா, பின்னாடி போ."

"வரிசை மாறக் கூடாதுன்னு ஏட்டையா சொல்லிட்டாருங்க."

"சரி, நான் சொன்ன பெட்டியிலதான போடுவ?"

"பெட்டியிலதாங்க போடுவேன்."

"எந்தப் பெட்டிடா?"

"உள்ள போயிப் பாத்தாத்தாங்க தெரியும்."

கருப்பன் உள்ளே போனார். விரல் மையை ஊதிக்கொண்டே திரும்பி வந்தார். பண்ணையார் வாசலிலேயே மறித்தார்.

"எதுலடா போட்ட?"

"யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்லைன்னு சட்டமாம்ங்க."

"அப்ப நாளைக்கு ஏர் பூட்ட வராத. கூலியையும் அந்தச் சட்டத்துக்கிட்டயே வாங்கிக்க."

"சரிங்க."

பண்ணையார் உள்ளே போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் கருப்பன் பக்கம்தான் என்று காட்டிக்கொள்ள, அவர் காதருகே குனிந்து, "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, யாருக்குப் போட்டீங்க?" என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்குங்க?"