வெற்றிச்செல்வி போட்ட வரிசை

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கற கண்ணையன் ஐயாவுக்கும், என் அண்ணன் மவ வெற்றியோட பெங்களூர் ஆபீஸ்லேருந்து வந்திருக்கற ஜெயசித்ரா மேடத்துக்கும், வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கற எறையூர் சனங்களுக்கும் மதுரைவீரனோட கும்பிடு. நான் படிக்காதவன், கரும்பு லோடு ஓட்டறவன். சுத்தி வளச்சுத்தான் பேசுவேன். பொறுத்துக்கங்க.

பொறியாளர் வெற்றிச்செல்வி அவர்கள்னு தட்டியில போட்டிருக்கீங்க. பாக்க நல்லாருக்கு. ஆனா அவ என்ன வேல பாத்தான்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும்? ஏரோப்ளேன் ஓட்டறான்னாரு ஒருத்தரு. அதுல காப்பி குடுக்கறான்னாரு இன்னொருத்தரு. டீக்கடை வேல்முருகன் சன்னலோர சீட்டு கெடைக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

ஒரு பொங்கலுக்கு வந்தப்ப நானே கேட்டுட்டேன். எந்தெந்த ப்ளேன் எஞ்சின்ல என்னென்ன கோளாறு வந்துச்சுன்னு சேத்து வெச்சு, எது அடிக்கடி வருது, எது வந்தா ஆளத் தூக்கும்னு பிரிச்சு, எத மொதல்ல சரி பண்ணணும்னு வரிசை போடறதுதான் அவ வேலயாம். எஞ்சின் டமார்னு சத்தம் போட்டா உள்ள இருக்கறவங்க சாமியக் கூப்புடுவாங்களாம், ஆனா பெரும்பாலும் ப்ளேன் பத்திரமா எறங்கிடுமாம். எஞ்சினுக்குள்ள சுத்தற சின்ன எறக்கை ஒண்ணு ஒடஞ்சாக்கூட வெளிக்கூடு தாங்கிக்குமாம். அந்த எறக்கையெல்லாம் மாட்டியிருக்கற பெரிய தட்டு பொளந்துச்சுன்னா மட்டும் எந்தக் கூடும் தாங்காது. எப்பவோ ஒரு தடவதான் நடக்கும். அதத்தான் மேல வைக்கணும்னு ஆபீஸ்ல சண்ட போடுவாளாம்.

சொல்லிட்டு எந்திரிச்சு என் டிராக்டரச் சுத்தி வந்தா. ஹாரன் அடிக்காது. சீட்டு கிழிஞ்சு பஞ்சு தொங்குது. பொக கண்ணக் கரிக்குது. அத்தனையும் விட்டுட்டு, டிரெய்லர் மாட்டற கொக்கிகிட்டப் போயி குந்திட்டா. கொக்கியில போடற ஆணி தொலஞ்சு போயி, ஒரு கட்டடக் கம்பிய சொருகி வெச்சிருந்தேன். நம்மள்ல பாதி பேரு அப்புடித்தான வெச்சிருக்கோம்?

"இத்தன வருசமா ஒண்ணும் ஆவலயேம்மா"ன்னேன்.

"ஆவாது சித்தப்பா. ஆயிடுச்சுன்னா? பாடாலூர் மேட்டுல லோடு கழண்டு ஓடுனா பின்னாடி ஸ்கூல் வேன் வரும். ஹாரன நீ அடுத்த வருசம் கூட மாட்டிக்க."

பட்டறைக்கு என்னைய இழுத்துக்கிட்டுப் போயி, பூட்டு வெச்ச ஆணி அடிச்சு மாட்ட வெச்சா. அப்பறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல. அதான் அவ வேல. ஒண்ணும் ஆவாம இருந்ததுக்கு யாரு மால போடுவா? யாரு கைதட்டுவா? ஆபீஸ்ல அவகூட சாப்புட உக்கார்றவங்களே கம்மின்னு மேடம் சொன்னாங்க. எப்பப் பாத்தாலும் கெட்டதையே பேசறாளேன்னு ஒதுங்கிடுவாங்களாம்.

அண்ணனும் அண்ணியும் போனதுக்கப்பறம் அவளுக்கு நான், எனக்கு அவ. ஞாயித்துக்கெழம ஆனா போன் வரும். சாப்ட்டியான்னு கேக்க மாட்டா. "கொக்கியப் பாத்தியா"ம்பா. பாத்துட்டேம்மாம்பேன். அவ்வளவுதான் எங்க பேச்சு.

ஒரு வாட்டி பேச்சுவாக்குல நெஞ்சு வலிக்குதுன்னா. டாக்டருகிட்டப் போம்மான்னேன். கையில இருக்கற வேல முடியட்டும்னுட்டா. ஊரு உலகத்து ஆபத்துக்கெல்லாம் வரிசை போட்டவ, தன் வலிய கடைசியில வெச்சுட்டா. பூட்டுன வூட்டுக்குள்ள, பக்கத்துல ஒரு ஆளு இல்லாம போயிட்டா.

அவ போட்ட வரிசைய மாத்த வுட மாட்டேன்னு மேடம் எனக்கு வாக்கு குடுத்திருக்காங்க. மேல பறக்கறத அவங்க பாத்துக்கட்டும். கீழ ஓடறத நான் பாக்கறேன். சர்க்கர ஆல தொறந்ததும் வரிசையில நிக்கற ஒவ்வொரு டிரெய்லருலயும் குனிஞ்சு பாப்பேன். கம்பி சொருகியிருந்தா வண்டிய நவுர வுட மாட்டேன். திட்டுவீங்க, திட்டுங்க. எங்கூட டீ குடிக்க ஒருத்தரும் வரலன்னாலும் சரி.

இன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான். அடிக்காதுன்னு தெரிஞ்சும் சட்டப் பையிலயே போன வெச்சிருக்கேன்.

வெற்றி, கொக்கியப் பாத்துட்டேம்மா.