உடைந்தது மரம்தான்

திருக்கொச்சி ராஜ்யம் இருந்த நாட்களில், கிழக்கேகோட்டையிலிருந்து நான் கல்லூரிக்குச் செல்லும் பஸ்ஸில் ஒரு காலை கேட்டது இது. முன்னிருக்கையில் பஸ் கட்டும் பட்டறைத் தச்சர் ஒருவரும் அவருடைய அக்காள் கணவரும் அமர்ந்திருந்தனர்.

"அத்தான், பலகை ரெண்டா உடைஞ்சு போச்சு!" என்றார் தச்சர், மகளுக்கு வரன் அமைந்தவரைப் போன்ற முகத்துடன்.

"அதுக்கா வே இந்தச் சிரிப்பு? இன்னொரு மட்டம் ஒட்டு விட்டுப் போச்சுன்னா ஊருக்குப் போயிரணும்னுல்லா மேஸ்திரி சொன்னாரு?"

"ஒட்டு விட்டாத்தானே! ரெண்டு பிளைவுட் துண்டை ஒட்டிக் குடுத்தேன். மேஸ்திரி சோதிச்சுப் பாக்க அதுக்கு மேல மூணு ஆளை ஏத்தினாரு. ஒட்டுக்குப் பக்கத்தில பலகையோட மரந்தான் முறிஞ்சுது. ஒட்டு அப்படியே நிக்கி."

"பின்னே, போன மட்டம் ஏன் விட்டுது?"

"பலமா இருக்கட்டும்னு பலகையை இறுக்குற திருகாணியை ரொம்ப முறுக்கி, பசையை எல்லாம் வெளிய பிழிஞ்சு தள்ளிட்டேன். இப்பம் பதமா இறுக்கி, ஒரு நாள் பூரா தொடாம விட்டேன்."

"ஒம்ம அக்காளைக் கெட்டினப்போ இந்த யுக்தி எனக்குத் தெரியாம போச்சே! மேஸ்திரி என்ன சொன்னாரு?"

"'கொள்ளாம், நல்ல ஒட்டு'ன்னாரு. நாளையிலேருந்து பஸ் கூரை எல்லாம் நம்ம ஒட்டுதான்."

பஸ் பள்ளத்தில் குலுங்கியது. அத்தான் அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கூரை?"

"இது வெறும் ஆணி, அத்தான்," என்றார் தச்சர், வென்றவருக்கு மட்டுமே வாய்க்கும் இரக்கத்தோடு.