இன்னொரு ஏழாம் மாதம்

வாத்து வறுவலைச் சூடாகத் தின்கிறவர்களுக்கு அதன் ருசி தெரியாது, டாக்டர். ஆறி, தோல் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் அது வாத்து. எனக்கே இது சமீபத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன் உட்கார்ந்து நிதானமாகத் தின்ன வாய்த்ததில்லை.

என் கணவரை ஏன் அறுவை சிகிச்சைக்குக் கூட்டிவரவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

முதல் தடவை தள்ளிப்போட்டது நான் இல்லை, அவர்தான். பேய்கள் வெளியே வந்து நடமாடும் ஏழாம் மாதத்தில், பினாங்கில் எங்கள் சீன ஆட்கள் கல்யாணம் செய்ய மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், உடம்பில் கத்தி வைக்கவும் விடமாட்டார்கள். "மாசம் முடியட்டும்" என்றார் கெங் ஹூய். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் தாமதித்தால் பார்வை போய்விடும் என்று நீங்கள் எங்கள் இருவரிடமும்தான் சொன்னீர்கள். மாதம் முடிந்த பிறகு வரும்படி ஒரு நாள் குறித்துக் கொடுத்தீர்கள்.

அது ஊரடங்குக் காலம். தெருவில் பேய்களுக்காகப் போடும் நாடக மேடைகூட இல்லை. எல்லாம் வீட்டோடுதான். வாசலில் தகர டின்னில், செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் காகிதப் பணம் எரித்தேன். சாப்பாட்டு மேசையில் அவருடைய செத்துப்போன அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, சோறும் வாத்தும் வைத்தேன். கெங் ஹூய்க்கு எல்லாமே புகைக்குள் இருப்பது போலத்தான் தெரிந்தது. மிகவும் பயந்தார். கழிப்பறைக்குப் போகக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமான வருடத்திலிருந்தே, சாயங்காலம் ஆனால் அவர் ஜெலுத்தோங்கில் இருக்கும் லாய் பெங் வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அதில் கோபம் இல்லை. அவள் நன்றாகச் சமைப்பாள் என்று கேள்வி. நான் சொல்ல வந்தது அவருடைய கையைப் பற்றி. அது வெதுவெதுப்பாக இருந்தது. மாதமோ முடியப் போகிறது.

"யோவ் கிழவா, இந்த வருஷம் ஏழாம் மாசம் ரெண்டு தடவ வருது" என்றேன்.

"அதிக மாசம் வர்ற வருஷமா இது? யாரு சொன்னா?"

"பஞ்சாங்கம் சொல்லுது. நம்பிக்கை இல்லன்னா நீயே படிச்சுக்க."

கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா, போட்டிருக்கு" என்றார்.

மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அவருக்கு இருமல் என்றேன். அப்படியானால் வர வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், மறைக்காமல் சொன்னதற்கு நன்றியும் சொன்னார்கள். அடுத்த தடவை கூப்பிட்டபோதும் அவருக்கு இருமல்தான். ரேடியோவின் பேட்டரியை எடுத்துவிட்டேன். மகள் கூப்பிட்டால் அப்பா தூங்குகிறார் என்பேன்.

அந்த மாதமும் தீர்ந்தது.

"என்ன கிழவி, இந்தப் பேய் மாசம் போகவே மாட்டேங்குது?"

"எல்லையை மூடிட்டாங்கல்ல. அதுங்க எப்படித் திரும்பிப் போகும்?"

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ எங்கப்பாவும் இங்கதானா?" என்றார்.

"வேற எங்க போவாரு? உன்ன மாதிரி அவருக்குப் போக்கிடம் இருக்கா?"

அன்றைக்கு நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து வாத்தைத் தின்றேன். எலும்பைக் கடித்த சத்தம் அவருக்குக் கேட்டது. "மெதுவாச் சாப்பிடுங்கப்பா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கிண்ணத்தில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன். அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் தினமும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஒரு நாள், நான் அடுப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவர் நாற்காலியிடம் பேசினார். "அப்பா, இடது கண்ணுல இப்ப எதுவுமே தெரியல. அவகிட்டச் சொல்லிடாதீங்க. பாவம், பயந்துடுவா."

என் வாயில் வாத்தின் கால் இருந்தது. மெல்லுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஈப்போவிலிருந்து மகள் வந்தாள். "அம்மா, புது வருஷமே வரப்போகுது, இப்ப யாருக்குப் பணம் எரிக்கிற?" என்று வாசலிலேயே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்றே இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான்.

இரண்டாவது ஏழாம் மாதம் என்று ஒன்று வரவில்லை, டாக்டர். நான்தான் அதை உண்டாக்கினேன். கண் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஒரு கண் போனதை அவர் வாயாலேயே கேட்ட பிறகும் அதை நடத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இடது கண் இனி வராது என்கிறீர்கள். வலது கண்ணை நாளைக்கே காப்பாற்றிவிடலாம் என்கிறீர்கள். செய்யுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பார்வை வந்தாலும் அவர் இனி எங்கேயும் போகமாட்டார். என்னோடு இருந்து பழகிவிட்டார், சந்தோஷமாகவும் இருக்கிறார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, அவருடைய செருப்புகளை எல்லாம் இன்று காலை குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.