யாரும் கேட்காத மன்னிப்பு

— வொர்க்‌ஷாப் பக்கத்துக் கதவை யாரு பூட்டினது, பாப்பா?

— காலையிலயே பூட்டியாச்சு மாமா. டிரைவர் ஹால் வழியாவா வந்தீங்க?

— வேற வழி? உள்ள முப்பது பேர் சீட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் தலை நிமிரலை. பதினோரு வருஷமா இந்த பஸ் டிப்போவுல, இந்த ரெண்டு கதவுக்கு நடுவுல உட்கார்ந்து, டிரைவர் சொல்றதை மெக்கானிக்கிட்டயும் மெக்கானிக் சொல்றதை டிரைவர்கிட்டயும் கொண்டுபோய்க்கிட்டு இருக்கேன். இன்னைக்கு நான் யாரோ ஆயிட்டேன்.

— உட்காருங்க மாமா, முட்டி வலிக்கும்.

— உட்காரவா வந்தேன்? மூணு மணிக்கு மேனேஜர் ரூம்ல விசாரணை, ரெண்டு பக்கமும் வர்றாங்கன்னு நீதானே போன் பண்ண?

— ஆமா, நான்தான் பண்ணேன்.

— பத்து நிமிஷம் என்னைப் பேச விட்டாப் போதும். விடலைன்னா இந்த வேலை போச்சு. இந்த முட்டியை வச்சுக்கிட்டுத் திரும்பவும் பஸ் ஓட்ட முடியுமா? வெயில்ல கேட்ல நிக்க வச்சு, உள்ள வர்ற வண்டி நம்பர் எழுதுன்னு சொல்லுவாங்க.

— என்ன பேசப் போறீங்க? எங்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்.

— நடந்ததைத்தான் பேசப் போறேன். கேளு. ஆறு வருஷம் முன்னாடி, நீ ஸ்டோர்ல சேர்றதுக்கு முன்ன நடந்தது. பிரேக் சரியில்லைன்னு எழுதிக் கொடுத்து நாலு நாளா யாரும் தொடலை. ஒரு டிரைவர் கடுப்பாகி, வொர்க்‌ஷாப் சுவத்துல சாக்பீஸால ‘இங்கே உறங்குவோரை எழுப்பாதீர்’னு எழுதிட்டான்.

— அது அவங்களுக்கு உறைக்கும்தான்.

— சிரிக்காத. மறுநாள் காலையில எல்லா பஸ் ஸ்டியரிங்லயும் கிரீஸ். கை வச்சா வழுக்குது. அவ்வளவுதான், இவங்க வண்டியை எடுக்க மாட்டோம்னுட்டாங்க, அவங்க ஸ்பானரைத் தொட மாட்டோம்னுட்டாங்க. அவன் மன்னிப்பு கேட்கட்டும்னு இவன், இவன் கேட்கட்டும்னு அவன். ரெண்டு நாள் ஒரு பஸ் வெளிய போகலை.

— அப்பத்தான் நீங்க அந்த வேலையைப் பார்த்தீங்க.

— பார்த்தேன். இந்தக் கதவு வழியாப் போய், ‘ஹெட் மெக்கானிக் மன்னிப்பு கேட்டாருப்பா, உங்களைப் பார்க்கவே கூச்சப்படுறார், இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாம்னு சொன்னார்’னேன். அந்தக் கதவு வழியாப் போய், டிரைவருங்க மன்னிப்பு கேட்டாங்கன்னேன். ரெண்டும் பொய்தான். ஆனா மத்தியானத்துக்குள்ள அத்தனை பஸ்ஸும் ரோட்டுல ஓடுச்சா இல்லையா?

— உடனே நம்பிட்டாங்களா?

— வெறும் மன்னிப்புன்னா நம்புவாங்களா பாப்பா? கண் கலங்கிட்டார்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கணும். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஆறு வருஷம் ஓடிச்சே, ஒரு சண்டை இல்லாம.

— நேத்து வரைக்கும்.

— அதுவும் என் கைங்கரியம்தான். ஹெட் மெக்கானிக் ரிட்டயர் ஆறாரு, ரெண்டு பக்கமும் ஒண்ணா உட்கார்ந்து ஒரு டீ குடிக்கட்டும்னு கிடந்து அலைஞ்சது யாரு? நான். அந்த மனுஷன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, ‘அன்னைக்கு டிரைவர் தம்பிங்க பெரிய மனசு பண்ணி மன்னிப்பு கேட்டாங்களே’ங்கறார்.

— ‘நாங்க எங்கய்யா கேட்டோம், நீங்கதானே கேட்டு அழுதீங்க’ன்னு டிரைவருங்க சங்கச் செக்ரட்டரி எந்திரிச்சார். நான் அங்கதான் டீ ஊத்திக்கிட்டு இருந்தேன் மாமா.

— அடிச்சுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்க பாப்பா. தோள்ல கை போட்டுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் இத்தனை வருஷம் ஒட்ட வைக்கப் பார்த்தவங்க, என்னை வெளிய தள்ளணும்னதும் ஒட்டிக்கிட்டாங்க. சிரிச்சு முடிச்ச கையோட, எங்களை ஏமாத்திட்டான்னு ஒரே மனுவுல எழுபது பேரும் கையெழுத்து. வயிறு எரியுது எனக்கு.

— எரியத்தான் செய்யும்.

— அந்த செக்ரட்டரி பொண்ணு பிரசவத்துக்கு லீவு வாங்கிக் கொடுத்தவன் நான். வண்டிக்கு அடியில இறங்கி வேலை பார்க்கற பிட்ல தண்ணி தேங்குதுன்னு மூணு மாசம் நடையா நடந்து மெக்கானிக்குங்களுக்குப் பம்ப் வாங்கிக் கொடுத்தவன் நான். எல்லாரும் சேர்ந்து முதுகுல குத்திட்டாங்க. அதனால ஒண்ணு சொல்றேன், எல்லாத்தையும் ஒத்துக்குவேன், மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். வேலை போனாலும் சரி. நான் என்ன, எனக்காகவா பொய் சொன்னேன்?

— இல்லை மாமா. அது எனக்குத் தெரியும்.

— நீ ஒருத்திதான் இன்னைக்கு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுற. உன் அக்காகிட்ட சொல்லணும். மணி மூணாகப் போகுது, வா போகலாம்.

— போக வேண்டாம் மாமா.

— ஏன், தள்ளி வச்சுட்டாங்களா?

— ரெண்டு மணிக்கே முடிஞ்சிடுச்சு.

— மூணு மணின்னு சொன்னியே.

— சொன்னேன். நீங்க வந்தா ஒவ்வொண்ணா விளக்குவீங்க, அவங்க ஒவ்வொண்ணா கிளறுவாங்க. திரும்பவும் வண்டி நிக்கும். உங்க வேலையும் மொத்தமாப் போகும்.

— இதை யோசிச்சது மேனேஜரா?

— நான்தான்.

— உன் கையில என்ன, அந்தக் கதவுச் சாவியா?

— மேனேஜர் கொடுத்தார். திங்கட்கிழமையிலேர்ந்து இந்த ரூம்ல நான் உட்காரணுமாம்.

— நீயா? உன்னை இங்க சேர்த்துவிட நான் எத்தனை பேர் வாசல்ல போய் நின்னேன்னு தெரியுமா உனக்கு?

— மறக்கலை மாமா. அதான் உங்களை வீட்டுக்கு அனுப்ப விடலை. மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. உங்களுக்குக் கேட்ல வேலை, நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டுத் தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார்.

— இரு, இரு. நேத்து அவ்வளவு கொதிச்சவங்க, நான் ஒரு வார்த்தை பேசாம எப்படி அடங்கினாங்க? என்ன சொன்ன அவங்ககிட்ட?

— நீங்க மன்னிப்பு கேட்டீங்கன்னு சொன்னேன். கண் கலங்கிட்டீங்கன்னும் சேர்த்துக்கிட்டேன் மாமா. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை.